வாடகை ஸ்டூல், மூன்று சோல்

லீமாவில் ஜூலை மாதம் வெயிலைப் பார்த்தவர் குறைவு.
மழை என்று சொல்ல முடியாத ஒன்று
விடியும் முன்பே பிரேசில் அவென்யூவை நனைத்து வைத்திருந்தது.
பார்லிக் கஷாயம் கொதிக்கும் என் வண்டிக்குப் பக்கத்தில்
செனோபியா தன் ஸ்டூல்களை இறக்கினாள்.
நாற்பத்தொன்று. சிவப்பு, நீலம்,
கால் ஒடிந்து கம்பி கட்டிய பச்சை ஒன்று.

ரேடியோ என்னுடையது, சண்டை அவர்களுடையது.
மூன்று வாரமாக அதே சண்டை:
அணிவகுப்புக்கு எத்தனை கோடி?
அமைச்சர் ஒரு தொகை சொன்னார்.
எதிர்க்கட்சிப் பெண்மணி அதை நான்கால் பெருக்கினார்.
டீசலைச் சேர்த்தீர்களா என்றார்,
விமானங்கள் வானத்தில் கொடி வரையும் புகையை,
குதிரைச் சாணம் அள்ளுகிறவனின் கூலியை?
இந்தப் பணத்தில் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம்
எத்தனை வாங்கலாம் தெரியுமா?
ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் தொண்டையைச் செருமினார்:
மானத்துக்கு விலைப்பட்டியல் கிடையாது, அம்மா.
தேர்தல் வருகிறது என்பதை மட்டும்
இருவருமே சொல்லவில்லை.

அசைந்து தின்பது யானை, அசையாமல் தின்பது வீடு.
பீரங்கி
நின்றாலும் தின்னும், நடந்தாலும் தின்னும்.
இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.
படை வந்தால் முந்நூறு கோப்பை போகும் எனக்கு.
வராத வருஷம், அந்தக் கொள்ளைநோய் வருஷம்,
வண்டியை வீட்டுக்குள் நிறுத்தி
அதன்மேல் துணி காயப்போட்டோம்.

மைக் பிடித்த பெண் செனோபியாவிடம் வந்தாள்.
ஆதரவா, எதிர்ப்பா?
"பெரியவர்களுக்கு மூன்று சோல், பிள்ளைகளுக்கு இரண்டு."
கேமராக்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.
அவளுடைய தம்பி தியோதோசியோ
எல்லைச் சண்டைக்குக் காட்டுக்குள் போனவன்.
திரும்பி வந்தான், இடது காது கேட்காமல்.
ஸ்டூல் எடுத்துக் கொடுக்க வருவான் வருஷாவருஷம்;
பீரங்கி வரும்போது
அந்தக் காதைத்தான் தெருப்பக்கம் திருப்பி நிற்பான்.

கடைசியாக மிஞ்சியது பச்சை.
கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான்,
கம்பியைக் காட்டி ஒரு சோல் குறைத்தாள்.
அவன் உட்காரவில்லை. ஏறி நின்று
சட்டைக்குள்ளிருந்து அட்டையை விரித்தான்:
என் அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை இயந்திரம் இல்லை.

"இறங்குடா!" என்று கத்தினாள் பின்னாலிருந்து ஒருத்தி.
"மூன்றாம் வரிசையில் என் மகன் வருகிறான், மறைக்கிறாய்!"
மூன்று வாரம் ரேடியோ பேசியதில்
இப்படி ஒரு வாதத்தை நான் கேட்டதில்லை.
பையன் அவளைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான்.
அட்டையை மடக்கிக்கொண்டு இறங்கி
குனிந்தே நின்றான், மூன்றாம் வரிசை கடக்கும்வரை.
"எவன் உங்கள் மகன்?" என்றுகூடக் கேட்டான்.
அவள் கை காட்டினாள்.
எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.
பிறகு மறுபடி ஏறினான்.

இரண்டு போலீஸ்காரர்கள் போதுமாயிருந்தது.
ஒருவன் பையனை எடுத்தான்,
இன்னொருவன் ஸ்டூலை.
செனோபியா பின்னாலேயே ஓடினாள்:
ஐயா, அது என்னுடையது!
அது சாட்சியம், என்றார்கள்.
எதற்குச் சாட்சி என்று அவள் கேட்டதற்கு
அவனுக்கும் தெரியவில்லை, பாவம்,
கம்பி குத்தி விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் குதிரைச் சாணத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
ரேடியோவில் புதிதாக ஒரு தொகை,
புதிதாக ஒரு மறுப்பு.
செனோபியா ஸ்டூல்களை ஒன்றுக்குள் ஒன்று சொருகினாள்.
நாற்பது. மறுபடி எண்ணினாள். நாற்பது.
"பதினெட்டு சோல்" என்றாள் தம்பியின் வலது காதில்.
அவன் தலையாட்டினான்.

கயிற்றை இறுக்கிக் கட்டும்போது
என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்,
இன்றைக்கு என்ன கிழமை?
விடுமுறை நாளில் யாருக்கு நினைவிருக்கும்.
போனை எடுத்துப் பார்த்தேன்.
செவ்வாய்.