காரணம்: மற்றவை

எங்கள் ஊர்க்கணக்கு சின்னது.
இருநூறு பேர் ஒரே மாலையில் இறக்கிக்கொண்டால்
மறுநாள் அந்த விளையாட்டு முதலிடம்.

நான் பார்த்திருக்கிறேன்.
மீன்பிடிக் கப்பல் ஒன்று
பதினெட்டுப் பேரோடு துறைக்குத் திரும்பிய இரவு
சீட்டாட்டம் ஒன்பது படி ஏறியது.
பனிப்புயலில் வடக்குச் சாலையை மூடிவிட்டால்
மிட்டாய் அடுக்கும் ஆட்டங்களுக்கு அறுவடை.
கைப்பந்துப் போட்டி நடக்கும் ஜனவரி மாலைகளில்
நாடே போனைக் கீழே வைத்துவிடும்;
வருவாய்க் கோடு தரையில் படுத்துக்கொள்ளும்.

தலைமையகம் வேறொரு தேசத்தில்.
அவர்களுடைய அறிக்கையில் ஐஸ்லாந்து
தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கம்.
அந்த இலக்கத்தைத் துடைத்துவைக்க
ரெய்க்யவிக்கில், வலைக் கிடங்கின் மாடியில்,
நான் ஒருத்தி.

அள்ளிச் செலவழிப்பவரை
எங்கள் தொழிலில் திமிங்கிலம் என்போம்.
ஜன்னலுக்கு வெளியே
அசல் திமிங்கிலம் காட்டப் படகுக்கு ஆள் சேர்க்கிறார்கள்.
உள்ளே நான்
என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'பச்சைப் பட்டி' என்று ஒரு பண்ணை விளையாட்டு.
இங்கே அதன் வருவாயில்
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று
ஒரே கணக்கிலிருந்து வந்தது, இரண்டு வருடமாக.
மாடு வாங்காது. திராட்சை நடாது.
காற்றாலையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் சீந்தாது.
ஆடு.
ஆடு மட்டும்.
இரவு பதினொன்றுக்கு மூன்று,
விடிவதற்குள் இன்னும் இரண்டு.

அந்தக் கணக்கு புகாரும் எழுதும்.
எங்கள் மொழியில் வருவதெல்லாம் என் மேசைக்குத்தான்.
"உங்கள் கிடாவுக்குக் கொம்பு தப்பான பக்கம் சுருள்கிறது."
"டிசம்பரில் எந்த ஆடு குட்டி போடும்?
மே மாதம் என்று வரைகிறவரிடம் சொல்லுங்கள்."
"காதில் அடையாளம் வெட்ட வழியில்லை.
மலையிலிருந்து இறக்கும்போது
எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?"
கீழே: ஸ்டைன்வோர், ஸ்காகாஃபியோர்துர்.
நான் எப்போதும் அனுப்பும் அச்சுப் பதிலை அனுப்பினேன்:
தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.

போன அக்டோபரில் கோடு விழுந்தது.
சரிவு என்றுகூடச் சொல்ல முடியாது;
முகட்டில் கால் தவறியது மாதிரி.
தலைமையகம் கேட்டது:
ஐஸ்லாந்துச் சந்தைக்கு என்ன ஆயிற்று?
கூடவே ஒரு படிவம். அதில் காரணங்கள்,
ஒன்றில் மட்டும் புள்ளி வைக்கலாம்:
போட்டி. விலை. மென்பொருள் பிழை. பருவம். மற்றவை.

அதற்கு முந்தைய வாரம்
புகாரே இல்லாத ஒரு புகார் வந்திருந்தது.

"தடை நீங்கிவிட்டது.
ஒன்றுக்கு மூளைநோய் என்று
முந்நூற்றுப் பன்னிரண்டையும் கொண்டுபோனார்கள்.
தொழுவத்தைச் சுரண்டினேன், கழுவினேன்,
சொன்னபடி இரண்டு வருடம் காலியாக வைத்திருந்தேன்.
வியாழக்கிழமை மேற்கிலிருந்து லாரி வருகிறது.
நூற்றிருபது குட்டி.
இனி இதற்கெல்லாம் கை ஒழியாது.
உங்கள் ஆடுகளை என்ன செய்வது?
பசியோடு விட்டுப்போக மனம் வரவில்லை."

பச்சைப் பட்டியில் தீனி வைக்காத ஆடு
மூன்றாம் நாள் சாம்பல் நிறமாகும்,
தலைக்கு மேல் ஒரு காலித் தொட்டி மின்னும்.
நாங்கள்தான் அப்படிச் செய்தோம்.
திரும்பி வரட்டும் என்று.

அச்சுப் பதிலை எடுத்தேன், மூடினேன்.
"நீங்கள் போனதும் அவை தூங்கிவிடும்" என்று எழுதினேன்.
வேலையில் நான் சொன்ன முதல் பொய் இல்லை அது.
ஆனால் காசு கேட்காத முதல் பொய்.

படிவத்தில் 'மற்றவை'.
விளக்கத்துக்கு இருபது எழுத்து இடம் விட்டிருந்தார்கள்.
'ஆடு வந்துவிட்டது' என்று நிரப்பினேன்.

மறுநாள் பதில்:
தெளிவாக இல்லை. திருத்தி அனுப்பவும்.

இன்னும் அனுப்பவில்லை.
பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன்.
முதலிடத்தில் சீட்டாட்டம்.
கப்பல் திரும்பியிருக்கும்.