காய வைக்க மட்டும்

கையுறைத் தொழிற்சாலை கதவைச் சாத்தியபோது
கையில் கொடுத்தது இருபத்தோராயிரத்து நானூறு வெள்ளி.
பதினேழு வருடத்தை
ஒரு நீள உறையில் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

சிலிம் ரிவர் பழைய சாலையில்
நம்பர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
பூட்டிக் கிடந்தது ஒரு கடை.
"டோபிக் கடை போடு மங்களேஸ்வரி,
துணி இல்லாத மனுசன் உண்டா?"
என்றார் மைத்துனர் லோகநாயகம்.
இல்லைதான்.
குழாய் இல்லாத வீடும் இல்லை என்பது
அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஈப்போவிலிருந்து வந்த சியோங்
பளபளக்கும் தாளை மேசையில் விரித்தான்.
துவைக்க ஆறு, காய வைக்க இரண்டு.
"எல்லாக் கடையிலும் இதுதான் செட்."
எந்த ஊரில் அந்த எல்லாக் கடையும் என்று
கேட்டிருக்க வேண்டும்.
கேட்காத கேள்விக்கு
மாதத் தவணை எண்ணூற்று அறுபது.

முதல் நான்கு மாதம்
ஆறு வட்டக் கண்ணாடியும் என்னைப் பார்த்தன.
நான் அவற்றைத் துடைத்தேன்.
வாடகை கேட்டது, மின்சாரம் கேட்டது,
துவைக்கும் மிசின் மட்டும்
எதுவும் கேட்காமல் நின்றது.
வியாபாரம் எப்படி என்றவர்களுக்கு
"இப்பதானே ஆரம்பம்" என்று சொல்லிச் சொல்லி
அந்த வாக்கியமே நைந்துபோனது.

நவம்பர்.
செம்பனை மரங்களின் மேல் ஏறி வந்த மழை
இறங்கிப் போக மறந்து ஊரிலேயே தங்கிவிட்டது.
அப்போதுதான் அவர்கள் வந்தார்கள்,
தோட்டத்து விடுதியின் வங்காளதேசத்துப் பையன்கள்,
மோட்டாருக்கு இரண்டு பேராய்,
பின்னால் இருப்பவன் மடியில் வாளி,
வாளியில் பிழிந்து முறுக்கிய துணி.
"கெரிங் சாஜா, காக்" என்றான் ரஃபிகுல்.
காய வைக்க மட்டும்தான் அக்கா.
குழாயடியில் கையாலேயே துவைத்தாயிற்று.
வெயில்தான் இல்லை.
நான் வெயில் விற்கிறவள் என்பதை
எனக்கு முன்னால் அவன் கண்டுபிடித்திருந்தான்.

இரண்டு மிசினுக்கு ஒன்பது வாளி.
அன்றிலிருந்து நோட்டில்
வந்தவர்களை எழுதுவதை விட்டுவிட்டு
காத்திருந்து பார்த்துத் திரும்பிப் போனவர்களை எழுதினேன்.
திங்கள் பதினொன்று.
செவ்வாய் பதினான்கு.
சம்பள நாளில் எண்ணவில்லை, கை வலித்தது.

துவைக்கிற மூன்றை விற்றுவிடுகிறேன் என்றபோது
லோகநாயகம் நாற்காலியை விட்டு எழுந்தார்.
"நாலாயிரத்து முந்நூறுக்கு வாங்கினதை
ஆயிரத்து எழுநூறுக்கா?
போட்ட காசு அங்கேயே கிடக்கட்டும், ஒருநாள் எடுக்கும்."
போட்டதெல்லாம் முளைக்குமா மச்சான்,
நாம் போட்டது விதையா, இரும்பா?
கேட்கவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.
பீடோர்க்காரனின் லோரி வந்து ஏற்றியது.
தரையில் மூன்று வெளுத்த சதுரம்.
அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த இடத்தில் இப்போது
பழையதாய் வாங்கிய இரண்டு உலர்த்தி.
ஒன்று ஓடும்போது
யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல் சத்தம்.
கேஸ் தோம்பு முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறது.
மழை மாதத்தில் எல்லாம் போக
அறுநூற்றுச் சொச்சம் நிற்கும்.
பிப்ரவரியில் வெயில் காய்ந்தால்
நாற்பது, ஐம்பது.
ஊரே வெயிலுக்கு வேண்டும்போது
நான் மட்டும் வானத்தை வேறு மாதிரி பார்க்கிறேன்.

விடுதிக்குப் பின்னால்
துணி காயக் கூரை போடப் போகிறார்களாம்.
ரஃபிகுல்தான் சொன்னான்,
தன் தப்புபோலக் குரலைத் தாழ்த்தி.
அதே வாரம் சியோங் மறுபடி வந்தான்,
கம்பளி துவைக்கப் பெரிய மிசின்,
இந்த மாதம் மட்டும் கழிவு.
"நல்லா இருக்கு" என்றேன்.
இரண்டு வாரம் வாசலில் உட்கார்ந்து
கம்பளியோடு எத்தனை பேர் போகிறார்கள் என்று
பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.
அவன் போனதும்
அந்தப் பளபளத் தாளை நான்காய் மடித்து
ஆடிக்கொண்டிருந்த பெஞ்சின்
காலுக்கடியில் செருகினேன்.