ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு

பெனடிக்டின் மெஷின் காலையிலிருந்து
பூஜையறைக் கதவொன்றில் தாமரை குடைந்துகொண்டிருந்தது.
பதினாறு இதழ். இதழுக்கு நாலு நிமிடம்.
பத்தாவது இதழில் நான் பென்டிரைவை நீட்டினேன்.

திரையில் விரிந்தது படகு,
முதுகு கீறிக் காயவைத்த கருவாடுபோல்
தட்டையாக, பன்னிரண்டு துண்டு.
காரைக்குடியில் கயாக் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
“பிளைவுட் நெசமாவே நாலு மில்லியா?” என்றார்.
வெர்னியரில் மூன்று புள்ளி ஆறு.
அந்த அரை மில்லிக்கும் குறைந்ததற்காக
அரைமணி நேரம் உட்கார்ந்து
குறுக்குச் சட்டங்களின் பள்ளங்களை இறுக்கினோம்.

நான் சொல்லாமல் விட்டது வேறு.
முந்தின இரவு, தேவகோட்டை ரஸ்தாவின் வாடகை அறையில்,
வரைந்தவனின் இடுப்பு என் இடுப்பல்ல என்று
அகலத்தை மட்டும் இழுத்திருந்தேன்:
ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு.
தையல்காரியின் மகள் நான்.
ரவிக்கை பிடித்தால் பக்கத் தையலைப் பிரிப்போம்,
அவ்வளவுதானே என்றிருந்தேன்.

மெஷின் எதையும் திருப்பிக் கேட்காது.
சொன்ன கோட்டில் வெட்டியது,
சொன்ன இடத்தில் துளையிட்டது.

செம்புக் கம்பியால் இரண்டு நாள் தைத்தேன்.
அடிப்பலகையும் பக்கப்பலகையும்
நடுவில் சமர்த்தாய்க் கைகோத்தன.
நாற்பதாவது துளையில் லேசாய் விலகின.
எழுபத்து மூன்றில் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.
மூக்கில் ஒன்பது மில்லி இடைவெளி;
சுண்டுவிரல் உள்ளே போய்க்
காற்றைத் தொட்டுவிட்டு வந்தது.

வேறுவேறாய் வளையும் இரண்டு ஓரங்கள்
ஒரே நீளமாய் இருப்பது
யாரோ கணக்குப் போட்டுக் காப்பாற்றி வைத்த உடன்பாடு.
நான் இழுத்த இழுப்பில்
ஒவ்வொரு வளைவும் தன்தன் போக்கில் நீண்டிருக்கிறது.

பெனடிக்ட் சிரித்தது
போனில் ரௌட்டர் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.
“அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல ஆத்தா.”
சாயங்காலம் ஒரு கேரிபேக் நிறைய
தாமரை குடைந்த தேக்குத்தூள் கொடுத்தனுப்பினார்,
எபாக்சியில் குழைத்து அடைக்க.
படகின் மூக்கு மட்டும் இப்போது கருப்பட்டி நிறம்.

அவசரத்தில் இடப்பக்கக் கம்பியை முதலில் முறுக்கிவிட்டேன்.
அதுவும் என் தவறுதான்.

கார்த்திகை ஆறாம் தேதி
கண்மாயில் கருவேல மரங்கள் பாதி முங்கியிருந்தன.
மூன்று துடுப்புக்கு ஒருதரம்
யாரோ கூப்பிட்டதுபோல் இடப்பக்கம் திரும்புகிறது படகு.
கோப்பில் இடது, வலதின் கண்ணாடி.
தண்ணீரில் அப்படி இல்லை.
இடுப்புக்கு மட்டும் கச்சிதம்.

பிளாஸ்டிக் உறைக்குள் போன் அதிர்ந்தது.
“புதன்கிழமை மெஷின் சும்மாதான் கெடக்கு.
ஃபைலத் திருத்திக் கொண்டாந்தா மறுபடி வெட்டிரலாம்.”

தண்ணீர் தை முடிய நிற்கும்.
மடை திறந்தால் அதுவும் இல்லை.

“மாசியில வர்றேன்” என்றேன்.
இடப்பக்கம் இன்னொரு துடுப்பு.