ஒரு விசை, ஒரு பருந்து

முதல் நாளே ஷொரேனா சொல்லிவிட்டாள்:
"என்டரை எடுத்துவிடு."
பதூமிக்குப் பின்னால்
கருங்கடல் ஒரு கோடாய்த் தெரியும் மேட்டில்
தொலைநோக்கியில் வலது கண்,
மடிக்கணினியில் இடது கை.
பருந்துக்கு ஒரு கே, பிறகு என்டர்.
அடுத்ததற்கு ஒரு கே, பிறகு என்டர்.
"நான் என்டரைத் தடவும் நேரத்தில்
ஏழு பறவை துருக்கிக்குப் போய்விடுகிறது."

டெர்மினல் அப்படித்தான்.
வரி முடிந்ததென்று சொல்லும்வரை
ஓர் எழுத்தையும் உள்ளே விடாத குமாஸ்தா.
அடித்ததை அழிக்கலாம், மனம் மாறலாம்,
அவன் காத்திருப்பான்.
கடிதத்துக்கு நல்ல குணம்.
பருந்துக்கு ஆகாது.

அன்றிரவு நுக்ஸாரின் அறையில்
சோளரொட்டி ஆறிக்கொண்டிருக்க
குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பினேன்.
பழைய அமைப்பை ஓரமாய்க் குறித்துவைத்தேன்,
திருப்பிக் கொடுக்க வேண்டுமே.
வரிக்குக் காத்திருக்காதே,
அடித்ததைத் திரையில் காட்டாதே,
ஒரு பைட் வந்தாலும் என்னை எழுப்பு.
விசை இறங்கியதும் எண் ஏறியது.
நடுவில் யாருமில்லை.

செப்டம்பரில் ஒரு வியாழன்.
மேகம் மலையின் தோள்வரை இறங்கியிருந்தது.
வரிசையாக வரவில்லை அவை;
உலைபோல் ஒரே இடத்தில் கொதித்துச் சுழன்று
பொங்கித் தெற்கே வழிந்தன.
எங்கள் மொழியில் அதற்குக் குளவிதின்னி என்று பெயர்.
அவள் விரலடியில் விசை
தகரக் கூரையில் மழையாய்ச் சத்தமிட்டது.

மாலையில் திரை காட்டியது:
முப்பத்தேழாயிரத்து நானூற்று இருபத்தொன்று.
நுக்ஸார் வைனைத் திறந்துவிட்டான்.
யாருக்கோ போன் போட்டு
அந்த எண்ணை இரண்டு தடவை சொன்னான்.
ஷொரேனா தம்ளரைத் தொடவில்லை.
விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.
"வலிக்கிறது," என்றாள்,
"ஆனால் அவ்வளவுக்கு வலிக்கவில்லை."

பதிவைத் திறந்தேன்.
நண்பகல்வரை ஒவ்வொன்றாய்.
அதற்குப் பிறகு
ஒரே நொடியில் மும்மூன்றாய்.
"பன்னிரண்டு மணிக்கு என்ன செய்தாய்?"
"அக்காவுக்குப் பதில் எழுதினேன்.
மகனுக்குக் காய்ச்சலாம்."
எழுதியது ஜார்ஜியத்தில்.
எழுதி முடித்தும் விசைப்பலகை
ஜார்ஜியத்திலேயே நின்றுவிட்டது.

அதே விசை, அதே விரல்.
ஆனால் எங்கள் எழுத்து ஒவ்வொன்றும்
மூன்று பைட்டாய்த்தான் வாசலுக்கு வரும்,
சேர்ந்து வந்தால்தான் அது எழுத்து.
நானோ உள்ளே வந்த தலையை எண்ணி
தலைக்கொரு பருந்தைப் பறக்கவிட்டிருந்தேன்.
என் தாய்மொழியை எதிர்பாராமல்
நானே எழுதிய நிரல்.

உயர உயரப் பறந்தாலும்
ஒரு பருந்து மூன்று பருந்தாகாது.
பதினைந்தாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
நுக்ஸார் மறுபடி போன் போட்டான்,
இந்தத் தடவை வெளியே போய்.

மறுநாள் விடிவதற்குள் திருத்தினேன்.
அவசரத் திருத்தம், ஒன்பதரைக்குச் செத்துவிழுந்தது,
பழைய அமைப்பைத் திருப்பிக் கொடுக்காமலே.
அடிக்கிறேன், திரையில் ஒன்றுமில்லை.
தலைக்கு மேல் அவை போய்க்கொண்டிருக்கின்றன.
ஷொரேனா கண்ணை எடுக்காமல்
வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

குருடனாய் ரீசெட் என்று அடித்தேன்.
ஐந்து எழுத்து, ஒன்றும் தெரியவில்லை.
தெரியாவிட்டாலும் போய்ச் சேரும்.
பிறகு, வேறு வழியில்லை,
என்டர்.

கர்சர் கண் விழித்தது.
"இருபத்துமூன்று," என்றாள்.
அதை எந்த விசையில் போடுவது?
இருபத்துமூன்று தடவை கே அடித்தேன்,
ஒவ்வொன்றாய்,
அவை போன வேகத்தில்.