காலாவதி

ஐந்தைந்தாகத்தான் எண்ண வேண்டும்.
நீலத் தட்டில் குளிசைகளைக் கொட்டி
தட்டைக் கரண்டியால் ஒதுக்குவேன்:
ஐந்து, பத்து, பதினைந்து.
சனி ஞாயிறுகளில்
ஸ்காபுரோ மருந்தகத்தில் இதுதான் வேலை.
முப்பது வந்ததும் மூடியை இறுக்குவேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒருவர் வருவார்.
பெயர் சொல்ல மாட்டேன்.
காப்புறுதி கட்டிவிடும், அவர் கையொப்பம் மட்டும் இடுவார்.
"குளிர் விடுகிறதாயில்லை" என்பார்,
போத்தலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பேரனின் ஹொக்கி ஆட்டத்துக்குப் போவார்.
எச்.ஐ.வி. இவ்வளவு அலுப்பான விஷயமாக
இருக்க முடியும் என்பதை
அவரிடம்தான் அறிந்தேன்.
அந்த அலுப்பைத்தான்
எல்லாருக்கும் கேட்டோம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாளாம்.
இதுவோ நாளுக்கொன்று, வாழ்நாள் முழுக்க.
பழமொழியை யாராவது திருத்தட்டும்.

இங்கே மலிவாய்ச் செய்த ஒரு பெட்டி மருந்து
கடல் தாண்ட எத்தனை படிவம், எத்தனை கையெழுத்து என்று
பல்கலைக்கழக நிலவறையில்
லியோராவும் நானும் எண்ணத் தொடங்கினோம்.
ஐந்தைந்தாய் எண்ணியும் முடியவில்லை.
அதைச் சுருக்க ஒரு சட்டமூலம் வந்தது.
அதன் பின்னால் நாங்கள் நாற்பது பேர்.

தெண்டாயிடம் எல்லாரும் கேட்டார்கள்:
ஹராரேயில் உன் வீட்டில் யாராவது...?
மைக்கைப் பிடித்துச் சொல்லேன்,
சனம் உருகிவிடும்.
அவன் கணக்கியல் படிப்பவன்.
"கதை சொல்ல மாட்டேன்,
விலை சொல்வேன்" என்றான்.

வெறும் போத்தல்கள் இரண்டாயிரம்.
விடுதிக் குளியல்தொட்டியில் ஊறவைத்து
ஒட்டுத்தாள் உரித்தோம்.
பசை ஒரு வாரம் நகக்கண்ணில் இருந்தது.
பெப்ரவரியில், விடியுமுன், பஸ்ஸில் ஒட்டாவா.
நாடாளுமன்ற முன்றலின் பனியில்
ஒவ்வொன்றாய் நட்டு வைத்தோம்.
காற்று தள்ளியது. நிமிர்த்தினோம். தள்ளியது.
மூன்று மணிக்குள் அகற்றுங்கள் என்ற காவலர்
போகிற போக்கில் குனிந்து
ஒன்றை நிமிர்த்திவிட்டுப் போனார்.

தெண்டாய் வாசித்தான்:
இந்தக் குளிசை இங்கே இவ்வளவு.
அதே தூள், அதே வட்டம், அங்கே செய்தால் இவ்வளவு.
வேறெதுவும் சொல்லவில்லை.
சோலாஞ் பிரெஞ்சில் சொன்னாள்.
பிரெஞ்சில் தொண்ணூறு என்றால்
நான்கு இருபது பத்து.
விலை இன்னும் நீண்டு ஒலித்தது.

கீழவையில் சட்டமூலம் தேறியது.
நூலகத்தில் கத்தி,
வெளியே அனுப்பப்பட்டோம்.
மேலவையில் அது போய் உட்கார்ந்தது.
ஒரு செனட்டரின் செயலாளர்
சூடான சொக்கலேட் தந்து
"பார்ப்போம்" என்றார்.
"பார்ப்போம்" கேட்டு வளர்ந்தவள் நான்.
கல்யாண வீட்டில், கடனில், வேலையில்,
அந்தச் சொல்லுக்கு என்ன பொருளென்று
எனக்குத் தெரியும்.

மார்ச் கடைசியில் அப்பாவின் காரில்
தமிழ் வானொலி ஒரே மூச்சில் சொன்னது:
அரசு கவிழ்ந்தது, தேர்தல் வருகிறது,
நிலுவையில் இருந்த சட்டமூலங்கள்
காலாவதியாகின்றன.
அடுத்து வீடு விற்பவரின் விளம்பரம்.

காலாவதி.
அந்தச் சொல்லை நான் அறிவேன்.
மாதக் கடைசியில்
அலமாரி அலமாரியாய்த் திகதி பார்த்து
காலம் கடந்ததைக் கூடையில் எறிகிறவள் நான்.
பிரித்துப் பார்த்தால்
காலம் ஒரு பக்கம்
அவதி ஒரு பக்கம்.
எறிந்தவர்களுக்குக் காலம்.

போத்தல்கள் இன்னும்
லியோரா வீட்டுச் சலவை அறையில்.
வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார்.
தெண்டாய் குறுஞ்செய்தி அனுப்பினான்:
"வேட்பாளர்கள் இனிக் கதவு தட்டுவார்கள்.
திற. விலை கேள்."

முதல் சனிக்கிழமை.
அவர் வந்து காத்திருந்தார்,
கையில் ஈரத் தொப்பி.
இருபது, இருபத்தைந்து,
இருபத்தொன்பதில் நின்றது.
முழங்காலிட்டுத் தேடினேன்.
"வேறொன்று போடலாமே,
ஒரு குளிசைக்கு இவ்வளவா?" என்றார் மேலாளர்.
"ஓம்" என்றேன்
அலமாரிக்கு அடியில்
கையை இன்னும் கொஞ்சம் நீட்டி.