யார் பேரில்

மாலீ கோதுமை வயல்களுக்கு நடுவே
முப்பத்தொரு வீடு, ஒரு சைலோ,
சனிக்கிழமை மட்டும் திறக்கிற பெற்றோல் செட்.
பழைய தபாற்கந்தோர் வீடு
தொண்ணூறாயிரம் டொலர்.
மெல்பேர்னில் அந்தக் காசுக்கு
கார் விட ஒரு கோடு கீறித் தருவார்கள்.

சுலாஸ்திரி சுவரைத் தட்டித் தட்டி நடக்கிறாள்.
செங்கல் நல்லது. கதவு நிலையில் கறையான்.
"மழை?"
"முந்தின வருசம் வந்தது" என்கிறான் ஏஜன்ட்,
ஒன்றுவிட்ட மாமாவைப் பற்றிச் சொல்வதுபோல.

புருசன் கீத் வாகனத்தை விட்டு இறங்கவில்லை.
அவனுக்கு ஜாவாவில் அவளுடைய ஊர்தான் வேண்டும்:
மூன்று போகம் நெல்,
வாசல்வரை வாய்க்கால்,
மலிவான கிராம்புச் சிகரெட்.
ஆனால் வெளிநாட்டுக்காரன்,
அங்கே ஒரு பிடி மண்ணும் அவன் பேரில் ஏறாது.
"என் தம்பி பேரில் எழுதலாமாம்.
தம்பியை இவருக்குத் தெரியாது,
எனக்குத் தெரியும்."

நான் ஏணி கொண்டுவந்தவன்.
பன்றிப் பண்ணையில் அவளோடு இரவு ஷிப்ட்.
பதினொரு வருசமாய்த் தற்காலிக விசா;
எனக்கு இங்கே
பேர் இருக்கிறது, பேரில் ஒன்றுமில்லை.
என்றாலும் கூரையில் ஏறி
துருப்பிடித்த தகரங்களை எண்ணுகிறேன்,
என் வீட்டுக்கு எண்ணுவதுபோல.
பதினாலு மாற்றவேண்டும்.
தண்ணீர்த் தாங்கியில் ஒரு செத்த கலா கிளி.

"எண்பது சொல்லிப் பார்!"
அவசரத்தில் தமிழில் கத்திவிட்டேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.
ஏஜன்ட் பக்கம் திரும்பி
அறுபத்தைந்து என்றாள்.

கீத் ஹோர்ன் அடித்தான்.