பதினாறு அங்குலம்

விளிம்பில் ஒரு வெடிப்பு, அரிசிமணி நீளம்.
அரம் போட்டு முனை மழுக்கியிருக்கிறேன்.
ஏறாவூரில் விற்றவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
விலை அப்படி.

உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும்.
தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தால் மினுங்குமாம்,
குரல் போய்விடும் என்கிறான் நெவில்.
கறுத்தபடியே கிடக்கட்டும்.

நேரே குத்தினால் சிணுங்கும்.
தடியின் தோளால், வழுக்கிவிட்டதுபோல், சரித்து அடிக்கவேணும்.
அப்போது திறக்கும்:
கண்ணாடி உடைந்து
உடைந்ததெல்லாம் மழையாகி
தகரத்தில் ஓய்வதுபோல.

நேற்றுக் கல்லடியில் கலியாண வீடு.
மூன்றாம் பாட்டு. நான் கை ஓங்கிய நேரம்
கரண்ட் போனது.
பாஸ் கிற்றார் செத்தது, கீபோட் செத்தது,
மைக்கின் முன்னால் யூட்டின் வாய் மட்டும்
இருட்டில் திறந்தபடி இருந்திருக்கும்.
ஓங்கிய கை இறங்கித்தானே ஆகவேணும்?

விழுந்தது.
நானூறு பேர், ஒரு வெண்கலத் தட்டு.
இத்தனை நாளும் பாட்டுக்குள் புதைந்துகிடந்த அதன் வாலை
முதல்தரம் முழுசாய்க் கேட்டேன்.
புரியாணிச் சட்டிகளைத் தாண்டி
வாவிப்பக்க யன்னல் மட்டும் போய்
ஆறு மூச்சு நின்றது.
வெடிப்பும் அதற்குள் பேசியது,
ஒரு நுளம்பளவு.

யாரும் கைதட்டவில்லை.
எங்கோ ஒரு குழந்தை
"இன்னொருக்கா" என்றது.

ஜெனரேற்றர் உறுமத் தொடங்க
இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்தேன்.
குளிர்ந்திருந்தது.
அப்பவும் துடித்துக்கொண்டிருந்தது.